துடைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

திரைமேல் கிடந்த துண்டை அவுரிகா ஒரே இழுப்பில் உருவிக் கட்டில்மேல் எறிந்தாள். சாவு விழுந்த வீட்டில் கண்ணாடிகளை மூடிவைக்க வேண்டும். நாத்தனார் தெஸ்பினா செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஓடிவந்து கூடத்துக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, பீரோக் கண்ணாடி என்று வரிசையாக மூடிக்கொண்டே வந்தவள், முகம் தெரிகிறதே என்று கம்ப்யூட்டர் திரையையும் விடவில்லை. இன்று வியாழன். கூடத்தில் அவள் புருஷன் லாம்பே தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு சவப்பெட்டியில் கிடந்தார். தலைமாட்டில் தெஸ்பினா உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு அடக்கம். இப்போது மணி ஏழரை.

காப்பித் தட்டோடு கதவைத் திறந்த மகள் மிரேலா அப்படியே நின்றாள்.

“அம்மா, இங்க என்ன பண்ற? மூணாவது மாடிக்காரங்க வந்துட்டாங்க. உன்னைத் தேடறாங்க.”

“தேடட்டும். நான் எங்க ஓடிப் போயிட்டேன்? உள்ள வந்து கதவைச் சாத்து. இதுல இருக்கிறது அத்தனையும் அழிக்கணும். ஒண்ணு பாக்கி இல்லாம. உங்கப்பாவைத் தூக்கறதுக்கு முன்னாடி.”

“இன்னைக்கேவா?”

“இன்னைக்குத்தானே குடுக்கறோம்.”

செத்தவருக்கு அங்கே என்னென்ன வேண்டுமோ, அதையெல்லாம் அடக்கத்தன்று இங்கே உயிரோடு இருக்கும் ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இங்கே கொடுத்தது அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அவர்கள் ஊரான பிரெய்லாவில் அதைச் சந்தேகப்பட்டவர் யாருமில்லை. கட்டில், மெத்தை, கம்பளி, ஒரு மேசை, ஒரு நாற்காலி, தட்டு, கரண்டி, கோப்பை, தண்ணீருக்கு ஒரு வாளி. வாங்கிக்கொள்ள இரண்டாவது மாடி கோஸ்மா சம்மதித்திருந்தார். இழுவைப்படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், லாம்பே உயரம். சட்டை செருப்பெல்லாம் அளவெடுத்ததுபோல் பொருந்தும்.

அந்தப் பட்டியலில் கம்ப்யூட்டரைச் சேர்த்தவள் தெஸ்பினா. “அஞ்சு வருஷமா அது முன்னாடிதானே என் தம்பி உட்கார்ந்திருந்தான்? அது இல்லாம அங்க அவனுக்குப் பொழுது எப்படிப் போகும்?” என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அவுரிகாவால் வாயைத் திறக்க முடியவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் செனியாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

செனியா சுலினாக்காரி. ஆறு கடலில் விழுகிற இடத்தில், படகில் மட்டுமே போக முடிகிற அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, தினமும் மூன்று மணிக்கு அவுரிகாவின் வீட்டுக்குள் வந்துவிடுவாள். தாப்லே ஆடுவதற்கு. இரண்டு பகடையை உருட்டிக் காய் நகர்த்துகிற ஆட்டம்தான். ஊரில் கிழவர்கள் எல்லாரும் பூங்காவில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். லாம்பேவுக்கு மட்டும் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். வீட்டில் உப்புக் குறைச்சல், லிஃப்ட் ரிப்பேர் என்பதற்கு மேல் நாலு வார்த்தை பேசாத மனுஷனுக்கு அவ்வளவு சிரிப்பு எங்கே இருந்தது என்று அவுரிகாவுக்கு வயிறு எரியும்.

கதவில் காதை வைத்து ஒட்டுக் கேட்டிருக்கிறாள். வெட்கப்படாமல்தான் கேட்டாள். “பகடைக்கு முத்தம் குடுத்தா மட்டும் ஆறு விழுந்துடுமா?” என்றார் ஒருநாள். அந்தப் பேச்சு அவுரிகாவுக்குச் சொந்தமானது. கல்யாணத்துக்கு முந்தைய கோடையில், ஆற்றங்கரைப் பூங்காவில், அவளிடம்தான் அவர் அதை முதலில் சொன்னார். அதை எடுத்து வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

அவுரிகாவும் ஆடினவள்தான். நன்றாகவே ஆடுவாள், ஆனால் தோற்றால் தாங்காது. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்று, அவர் சிரித்ததும், இரண்டு பகடையையும் நாலாவது மாடி ஜன்னல் வழியாக எறிந்தாள். இனி உன்னோடு ஆடினால் என் பெயர் அவுரிகா இல்லை என்றாள். அதற்கப்புறம் அவரும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். அதை அவளாகப் போய் எப்படிச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை நாலு மணி இருக்கும். அடுப்படியில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், காப்பி ஆறுகிறது என்று இரண்டு தடவை குரல் கொடுத்தாள். பதில் இல்லை. உள்ளே போனால் லாம்பே நாற்காலியில் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றினாள். அதற்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல் கொசு அளவுக்கு, “லாம்பே, லாம்பே” என்றது. அவர் கன்னம் தன் கையில் சில்லென்று பட்டதும் அந்தக் குரல் கேட்டதும் ஒரே நேரத்தில் நடந்தன. அவுரிகா திரையை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். டாக்டருக்குப் போன் செய்தது அதற்குப் பிறகுதான்.

ஆக, நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் பத்தடி தள்ளி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி நேரத்தில் அவரோடு இருந்தவள் செனியா. இதை நினைத்தால் அவுரிகாவுக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது. போதாததற்கு தெஸ்பினாவின் புலம்பல் வேறு. உயிர் போகும்போது கையில் எரிகிற மெழுகுவர்த்தி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆத்மா இருட்டில் தடவிக்கொண்டு போகும். “விளக்கில்லாம போயிட்டானே என் தம்பி” என்று இரண்டு நாளாகத் தெஸ்பினா ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் கண் அவுரிகாவின் பக்கம்தான் திரும்பியது.

கம்ப்யூட்டரைத் துடைத்துக் கொடுத்தால் அங்கே அவருக்குத் துடைத்த கம்ப்யூட்டர்தான் கிடைக்கும். செனியா அதில் இருக்க மாட்டாள். அறுபத்திரண்டு வயதில் ஒருத்தி இப்படியெல்லாமா யோசிப்பாள் என்றால், அவுரிகா யோசித்தாள்.

“யாருக்குக் குடுத்தாலும் அழிச்சிட்டுத்தான் குடுக்கணும், அது சரிதான்” என்று மிரேலா தட்டைக் கீழே வைத்தாள். இத்தாலியிலிருந்து முப்பது மணி நேரம் பஸ்ஸில் வந்து நேற்றுத்தான் இறங்கியிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. “அப்பாவோட பென்ஷன் சமாச்சாரம், பாஸ்வேர்ட் எல்லாம் இதுலதான் இருக்கு. விண்டோஸையும் புதுசாப் போட்டுடறேன். போட்டோ ஏதாவது எடுத்து வைக்கட்டுமா?”

“ஒண்ணும் வேண்டாம்.”

“உனக்காக இல்லம்மா. எனக்கு.”

“உனக்கு வேணும்னா எடுத்துக்கோ. சீக்கிரம் எடு. இதைக் கொண்டாந்து குடுத்ததே நீதானே.”

மிரேலா அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒயரைச் சுவரில் செருகி, பொத்தானை அமுக்கினாள். பென்டிரைவ் பெட்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று வெளியே போனவளைக் கூடத்தில் யாரோ கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் மெதுவாக விழித்தது. விழித்த கையோடு மணியடித்தது. சாவு வீட்டில், அவ்வளவு குஷியான ஒரு மணி. கூடத்தில் பேச்சு நின்றது. திரையில் ஒரு பச்சை வட்டமும் ஒரு சிவப்பு வட்டமும் குதித்தன. சத்தத்தை எப்படியாவது நிறுத்தினால் போதும் என்று அவுரிகா கிட்டத்தில் இருந்ததை அமுக்கினாள். அது பச்சை.

திரையில் ஒரு முகம் வந்தது. அவுரிகா ஐந்து வருஷமாக மனசுக்குள் வரைந்து வைத்திருந்தது உதட்டுச்சாயம் பூசிய, தோளில் முடியை அவிழ்த்துவிட்ட ஒருத்தியை. இது எழுபதைத் தாண்டிய முகம். கறுப்புத் தலைத்துணி, கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவுரிகா ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். லாம்பேயின் தலை அளவுக்கு அது அகலமாக இருந்தது.

“கடவுளே, யாராவது எடுத்தீங்களே” என்றது குரல். “நீங்க அவுரிகாதானே? நான் செனியா. சுலினாவிலிருந்து. ரெண்டு நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்.”

“தெரியும்” என்றாள் அவுரிகா. என்ன தெரியும் என்று அவளுக்கே தெரியவில்லை.

“போயிட்டாரா?”

“போயிட்டாரு.”

அந்தக் கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

“பகடைய ஜன்னல் வழியா எறிஞ்சவங்க நீங்கதானே?” என்றாள் செனியா. “வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிடுவாரு. என் பொண்டாட்டி மாதிரி ஆடறவ இந்த ஆத்தங்கரையிலேயே கிடையாது, தோத்தா மட்டும் கூரை பறந்துடும்னு. சொல்லிட்டுச் சிரிப்பாரு பாருங்க.”

கேட்டால் ஆறுதலாக இருக்க வேண்டிய பேச்சுதான். அவுரிகாவுக்கு இருக்கவில்லை. தன் சண்டையைக்கூட அவர் மூட்டை கட்டி இவளிடம் கொண்டுபோய்ச் சிரித்திருக்கிறார். தன்னிடம் சொல்லியிருந்தால் தானும் சிரித்திருக்க மாட்டாளா?

“எப்படிப் போச்சு?” என்று கேட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள்.

“அவரு முறை. உருட்டல. தூங்கிட்டீங்களான்னு கேட்டேன். பார்த்தா தலை இப்படிச் சாயுது, கண்ணு என்னையே பார்க்குது, வாயி கோணுது. எனக்குப் புரிஞ்சுபோச்சு, என் வீட்டுக்காரரும் இப்படித்தான் போனாரு. உங்களைக் கூப்பிட்டேன். அவுரிகா, அவுரிகான்னு தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி என்ன? அவரு காதுல அந்த எழவு மாட்டியிருக்கு. என் சத்தம் அவரு காதுக்குள்ளதானே போகும்? வெளிய எப்படி வரும்?” செனியா தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். “அப்புறம் சாமி படத்துக்கிட்ட இருந்த மெழுகுவர்த்தியை எடுத்துக் கொளுத்தி, இதோ இந்தக் கேமரா முன்னாடி பிடிச்சேன். மெழுகு விரல்ல சொட்டுது. விடல. அவரு பார்த்துக்கிட்டேதான் இருந்தாரு, அவுரிகா. பார்த்துக்கிட்டேதான் போனாரு. அப்புறம் நீங்க வந்தீங்க, எல்லாம் கறுப்பாயிடுச்சு.”

சுட்ட விரலைத் திரைக்கு அருகில் காட்டினாள். சிவந்து கன்றியிருந்தது.

அவுரிகா அந்த விரலைப் பார்த்தாள். அந்த விரல் தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. நழுவிய ஹெட்போனை மேலே தள்ளிக்கொண்டாள்.

“எத்தனை மணிக்கு அடக்கம்?” என்று கேட்டாள் செனியா. “என்னால வர முடியாது, இடுப்பு உடைஞ்சவ, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறதே பெரும்பாடு. அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கிட்டு எழுந்து நிக்கலாம்னு. அவரை இறக்கறப்ப நானும் நின்னா, கூட நின்ன மாதிரி இருக்கும். என்ன?”

“மூணு மணிக்கு” என்றாள் அவுரிகா.

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்னதைத் திருத்தவும் இல்லை. ஒரு தடவை நீ இருந்தாய் அல்லவா, இந்தத் தடவை நான் மட்டும்தான் இருப்பேன் என்று உள்ளே ஒரு குரல் கறாராகச் சொன்னது.

“மூணு. சரி. எங்க ஆட்ட நேரம்” என்று செனியா தலையாட்டினாள். “உங்களுக்குக் கடவுள் தைரியம் குடுக்கட்டும்.”

அவுரிகா சிவப்பை அமுக்கினாள்.

மிரேலா பென்டிரைவோடு திரும்பி வந்தபோது அம்மா ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். யார் கூப்பிட்டது என்று மகள் கேட்கவில்லை. புகைப்படங்களை மட்டும் அள்ளிக்கொண்டாள். கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, ஏதோ ஒரு விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். நீலத் திரை ஒன்று வந்தது.

“சாதாரணமா ஃபார்மட் பண்ணினா பேர்ப்பட்டியலை மட்டும்தான் கிழிச்சுப் போடும்மா. உள்ள இருக்கிறது அப்படியே கிடக்கும். தெரிஞ்சவன் தேடினா எடுத்துடலாம்.”

“யாரு எங்க தேடினாலும் கிடைக்கக் கூடாது.”

“அப்ப டிஸ்க் முழுக்கப் பூஜ்யமா எழுதணும். ஒரு மணி நேரமாவது ஆகும். ஆரம்பிச்சா பாதியில நிறுத்தி ஒண்ணையும் மீட்க முடியாது. நிச்சயமாத்தானே?”

“எழுதுடீ.”

கறுப்புச் சதுரத்தில் மிரேலா இரண்டு வார்த்தை தட்டினாள். அதற்குக் கீழே ஒரு சின்ன வெள்ளைக் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது.

“எவ்வளவு முடிஞ்சிருக்கு?”

“இது சொல்லாது. எல்லாம் முடிஞ்சதும்தான் சொல்லும்.”

அவுரிகா நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவளைத் தேடினார்கள். தலைவலி என்று மிரேலா சொல்லி அனுப்பினாள். புருஷன் சவப்பெட்டியில் கிடக்க, பொண்டாட்டி கம்ப்யூட்டர் பார்க்கிறாளா என்று தெஸ்பினா நேரிலேயே வந்துவிட்டாள். கையில் கொலிவா தட்டு. வேகவைத்த கோதுமைமேல் சர்க்கரையால் பாதி சிலுவை போட்டிருந்தாள்.

“என்ன இது, கறுப்பா?”

“அழிக்கறோம் அத்தை. கோஸ்மா மாமாவுக்குக் குடுக்கணுமே” என்றாள் மிரேலா.

“அழிக்கறீங்களா? எல்லாத்தையுமா?” தெஸ்பினா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “பைத்தியமாடீ உங்களுக்கு? இங்க காலியாக் குடுத்தா அங்க அவனுக்குக் காலியாத்தானே கிடைக்கும்? தட்டைக் கழுவித்தான் குடுப்பாங்க, ஒத்துக்கறேன். சூப்பைச் சாக்கடையில கொட்டிட்டா குடுப்பாங்க?”

“தாப்லேயைத் திரும்பப் போட்டுக் குடுத்துடறேன் அத்தை. ஆடறதுக்கு இருக்கும்.”

“யாரோட ஆடுவான்? ஏற்கெனவே இருட்டுல நிக்கறவன். உன் அம்மா ஒரு மெழுகுவர்த்தியைக் கையில…” தெஸ்பினா முடிக்கவில்லை. முடிக்காமல் விடுவதில் அவள் கைகாரி.

அவுரிகா திரும்பவே இல்லை. ஒரு வாக்கியம் போதும், நாத்தனாரின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம். ஆனால் அந்த வாக்கியத்தில் செனியா இருந்தாள்.

“அக்கா, சர்க்கரை கரையுது” என்றாள்.

ஒன்பது மணிக்குக் கறுப்புச் சதுரம் ஒரு வரி சொன்னது. டிஸ்க் சுத்தம். அதற்குப் பிறகு மிரேலா விண்டோஸைப் புதிதாக ஏற்றினாள். அது பத்து சதவீதம், நாற்பது சதவீதம் என்று வாய் ஓயாமல் கணக்குச் சொன்னது, தானாக அணைந்தது, தானாக எழுந்தது, எந்த நாடு, எந்த மொழிக் கீபோர்டு என்று ஆபீஸ் குமாஸ்தா மாதிரி விசாரித்தது. அவுரிகா இடையில் எழுந்துபோய் சவப்பெட்டியருகே நின்றாள், வந்தவர்களின் முத்தங்களை இரண்டு கன்னத்திலும் வாங்கிக்கொண்டாள், காப்பி ஊற்றினாள். பத்தேகாலுக்கு மகள் சாடை காட்டிக் கூப்பிட்டாள்.

“யாரு உபயோகிக்கப் போறாங்கன்னு பேர் கேட்குதும்மா. கோஸ்மா மாமா பேர் போடட்டா? அப்பா பேரா?”

அவுரிகா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். அவுரிகா.

“அம்மா, கோஸ்மா மாமா திறந்தாலும் உன் பேர்தான் வரும்.”

“வரட்டும். அவரு என்ன, கண்ணை மூடிக்கப் போறாரா?”

மிரேலாவுக்கு இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவுரிகா சிரிக்கவில்லை. அங்கே போய் அவர் அதைத் திறக்கும்போதெல்லாம் முதலில் தன் பெயரைத் தொட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த நினைப்பு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பாதிரியார் பன்னிரண்டுக்கு வந்தார். ஒரு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஈரக்காற்று. குழிக்குப் பக்கத்தில் நின்று அவுரிகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இந்நேரம் சுலினாவில் அந்தக் கிழவி சூப் குடித்துக்கொண்டிருப்பாள், இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று. கயிறு இறங்கியது. பக்கத்தில் மகளைத் தவிர யாருமில்லை, குறுக்கே எந்தக் குரலும் இல்லை. நாற்பத்தொரு வருஷத்து மனுஷனை அவள் ஒருத்தியாக நின்று வழியனுப்பினாள். நினைத்தது நடந்துவிட்டது.

அப்போதுதான் தெஸ்பினா குழியின் விளிம்புக்குப் பாய்ந்தாள். “இருட்டுல போறியே தம்பி! தடவிக்கிட்டுப் போறியே! ஒரு விளக்கைப் பிடிக்க ஒரு கை இல்லாம போச்சே உனக்கு!” இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் முழுக்க அவுரிகாவைப் பார்த்தது. பாதிரியார்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

இருந்தது என்று சொல்ல வாய் திறந்தாள். விரலில் மெழுகு சொட்டச் சொட்ட ஒருத்தி பிடித்திருந்தாள் என்று. யார் அவள் என்று கேட்பார்களே. அவுரிகா வாயை மூடிக்கொண்டு ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள். மண் பலகையில் விழுந்த சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. இந்த ஊர் நினைப்பில் இவர் இருட்டில் போனவராகவே இருந்துவிடப் போகிறார், தான் வாயை மூடியதால்தான் அப்படி ஆகப் போகிறது என்று உறைத்தது. மிரேலா கையைப் பிடித்தாள்.

அடக்கச் சாப்பாட்டுக்காகக் கோவில் கூடத்துக்குப் போகும் வேனில் அவுரிகா மகளின் காதருகே குனிந்தாள்.

“அந்த சுலினாக்காரி நம்பர் எங்கயாவது இருக்குமா?”

“அப்பாகூட ஆடறவங்களா? அதைத்தானே அழிச்சோம்?”

“அப்பா பேரைப் போட்டுத் திரும்பத் திறக்க முடியாதா?”

“பாஸ்வேர்ட் வேணும்மா. அப்பாவுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருந்தது. இப்ப ரெண்டு பேருக்கும் தெரியாது.” மிரேலா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “அவங்க முழுப் பேர் என்ன?”

“செனியா.”

“அது சரி, அப்புறம்?”

அப்புறம் என்ன என்று அவுரிகா கேட்டுவைத்திருக்கவில்லை.

கூடத்து வாசலில் கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி எல்லாம் காத்திருந்தன. ஒவ்வொன்றிலும் கைக்குட்டையால் ஒரு மெழுகுவர்த்தி கட்டியிருந்தது. மேசைமேல் கம்ப்யூட்டர். கோஸ்மா சவரம் செய்து, மீசையை நறுக்கி, புது மாப்பிள்ளை மாதிரி நின்றார். அவுரிகா ஒவ்வொன்றாகத் தொட்டு, “லாம்பேயின் ஆத்மாவுக்கு இருக்கட்டும்” என்றாள். “பொக்தாப்ரோஸ்தே” என்று கோஸ்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி வாங்கிக்கொண்டார். கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று அர்த்தம். கம்ப்யூட்டரை அவுரிகா கடைசியாகத்தான் தொட்டாள்.

“எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே” என்றார் கோஸ்மா தணிந்த குரலில்.

“ஒண்ணும் தெரிய வேண்டாம் அண்ணே. என் பேர் வரும். அதை அமுக்குங்க.”

அறுபது பேர் உட்கார்ந்தார்கள். கொலிவா வந்தது, பிளம் சாராயம் வந்தது, மீன் சூப் வந்தது. ஆட்கள் மெல்ல மெல்ல சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். துறைமுகத்துக் கிரேனில் லாம்பே ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்ட கதையை யாரோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மாலேயைப் பெரிய தட்டுகளில் பரிமாறத் தொடங்கினார்கள். அவுரிகா செவ்வாய்க்கிழமை நறுக்கிய கோஸ் இல்லை. அது வீட்டில் வாடிக்கிடந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றாக ஒரு நிமிஷம் இருந்தது. அவுரிகாவால் கண்ணை எடுக்க முடியவில்லை. சுலினாவில் இப்போது ஒருத்தி தீக்குச்சியைத் தேடுவாள். கன்றிப்போன விரலால் உரசுவாள். நாற்காலியின் கையைப் பிடித்து, உடைந்த இடுப்போடு, எழுந்திருக்கப் பார்ப்பாள். மண் மூடி இரண்டு மணி நேரமான ஒருவருக்காக, இப்போதுதான் இறக்குகிறார்கள் என்று நம்பிக்கொண்டு.

மூன்று அடித்தது. அவுரிகா எழுந்து நின்றாள்.

பரிமாறிக்கொண்டிருந்த பெண் ஏதோ வேண்டும்போல என்று நினைத்து, “என்னம்மா வேணும்?” என்றாள். அவுரிகா கடிகாரத்தையே பார்த்தாள். மேசையின் மறுமுனையில் கோஸ்மா அவளைப் பார்த்தார். அவ்வளவு சாமான் வாங்கிக்கொண்டவருக்கு, உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு அவரும் எழுந்தார். அதைப் பார்த்து இழுவைப்படகு ஆட்கள் நாலு பேர் எழுந்தார்கள். பிறகு மூன்றாவது மாடிக்காரர்கள். பிறகு மிரேலா. நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் தேய்ந்தன. ஊரில் உள்ள சம்பிரதாயம் அத்தனையும் தெரிந்த தெஸ்பினாவுக்கு இது மட்டும் தெரியவில்லை. தெரியவில்லை என்று அறுபது பேர் முன்னால் காட்டிக்கொள்ள முடியுமா? கையைத் துடைத்துக்கொண்டு அவளும் எழுந்தாள்.

“எதுக்கு நிக்கறோம்?” என்று உதட்டை அசைக்காமல் அவுரிகாவிடம் கேட்டாள்.

“மெழுகுவர்த்தி இருந்துச்சுக்கா” என்றாள் அவுரிகா. “அவரு பார்த்துக்கிட்டேதான் போனாரு.”

தெஸ்பினாவின் தலை சட்டென்று திரும்பியது. “யாரு பிடிச்சா?”

கூடத்தில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. தட்டுகளில் சர்மாலே ஆறிக்கொண்டிருந்தது. அவுரிகா நிமிர்ந்து நின்றுகொண்டே இருந்தாள், அவள் உட்காரும்வரை உட்காரக் கூடாது என்று எல்லாரும் நின்றார்கள்.